கந்தக உற்பத்தியில் முதல் நாடு எது? மூன்று பதில்கள், மூன்றும் சரி

கேள்வி இதுதான்: உலகில் கந்தகம் அதிகம் உற்பத்தியாகும் நாடு எது? ஓரிடத்தில் சீனா என்று போட்டிருக்கிறது, பழைய பாடநூலில் அமெரிக்கா என்று படித்தோம், வணிகச் செய்திகளைப் பார்த்தால் வளைகுடா நாடுகள் என்கிறார்கள். எது சரி?

ஒரு வரியில் சொல்ல வேண்டுமென்றால் சீனா. உலகில் ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டன்னுக்குச் சற்று மேல் கந்தகம் உற்பத்தியாகிறது. அதில் சீனாவின் பங்கு 1.8 கோடி டன்னை ஒட்டி இருக்கும், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அடுத்து வெகுதூரம் தள்ளி, 80 லட்சம் டன்னுக்கு மேல் அமெரிக்கா. அதற்கு அடுத்த படியில் ரஷ்யாவும் சவூதி அரேபியாவும் 70 லட்சம் டன் அளவில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 60 லட்சம், கனடாவும் கஜகஸ்தானும் 50 லட்சத்தை ஒட்டி. பிறகு இந்தியா, கத்தார், தென்கொரியா, ஜப்பான் ஆகியவை 30 லட்சம் டன்னுக்கு மேல் அல்லது அதை ஒட்டி. ஆண்டுக்கு ஆண்டு இடங்கள் கொஞ்சம் மாறும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது போதும். ஆனால் இந்தப் பட்டியலை நெல் விளைச்சல் பட்டியல் மாதிரி படித்தால் ஏமாந்துபோவோம். நெல் வேண்டுமென்றுதான் ஒருவர் விதைக்கிறார். கந்தகத்தை இன்று அப்படி வேண்டுமென்று தோண்டுபவர்கள் அநேகமாக யாரும் இல்லை. வேறு ஏதோ ஒன்றை எடுக்கப்போய், அதிலிருந்து கழித்துக்கட்ட வேண்டிய சங்கடமாக அது வந்து சேர்கிறது. உலகக் கந்தகத்தில் முக்கால்வாசி அளவுக்குக் கச்சா எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சுத்தம் செய்யும்போது கிடைப்பது. மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு, துத்தநாகம், ஈயம், நிக்கல் உருக்கும் ஆலைகளின் புகையில் பிடிக்கப்படுவது. கந்தகத்துக்காகவே தோண்டுவது என்பது சொற்பம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கந்தகம் என்றால் இத்தாலியின் சிசிலி. அந்தத் தீவின் சுரங்கங்களிலிருந்து கந்தகக் கல்லை மேலே தூக்கி வந்தவர்களில் பலர் சிறுவர்கள். 'கரூசி' என்று அவர்களுக்குப் பெயர். கல்லைக் குவித்து, அதில் ஒரு பகுதியையே எரித்து, அந்தச் சூட்டில் மீதியை உருக வைத்து வடிப்பார்கள். எரிந்த பகுதி நச்சுப் புகையாகப் போய்ச் சுற்றுப்புறத்துப் பயிரைக் கருக்கும். 1838-இல் அப்போதைய இரு சிசிலி ராஜ்யத்தின் மன்னர் இரண்டாம் ஃபெர்டினான்ட், கந்தக விற்பனையின் ஏகபோகத்தை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். விலை எகிறியது. கந்தக அமிலம் இல்லாமல் சோடா, சோப்பு, துணி வெளுப்புத் தொழில்கள் நடக்காத பிரிட்டன் சும்மா இருக்குமா? 1840-இல் போர்க்கப்பல்களை அனுப்பியது. பிரான்ஸ் நடுவில் புகுந்து சமாதானம் செய்து ஏகபோகத்தை நீக்க வைத்தது. அதற்குள் ஆங்கிலேய ஆலைக்காரர்கள் ஒரு பாடம் படித்துவிட்டார்கள்: கந்தகம் வேண்டுமென்றால் கந்தகம்தான் வேண்டும் என்பதில்லை, பைரைட் கல்லை வறுத்தாலும் அமிலம் வரும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த அந்த மஞ்சள் மினுக்குக் கல்லில் எடைக்கு 53 சதவீதம் கந்தகம் இருக்கிறது. சிசிலியின் பிடி தளர ஆரம்பித்தது அங்கேதான்.

மொத்தமாக விட்டுப்போனது ஹெர்மன் ஃப்ராஷ் என்ற ஜெர்மனியில் பிறந்த வேதியியலாளரால். அமெரிக்காவின் லூசியானாவில் மணலும் சேறும் மூடிய ஓரிடத்தில் ஆழத்தில் கந்தகம் இருப்பது தெரிந்திருந்தது. ஆள் இறங்கித் தோண்ட முயன்றவர்களைப் புதைமணலும் விஷவாயுவும் விரட்டியடித்தன. ஃப்ராஷ் யோசித்தது வேறு வழி. கந்தகம் சுமார் 115 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் ஆள் எதற்கு இறங்க வேண்டும்? ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்களை இறக்கு. ஒன்றின் வழியே அழுத்தத்தில் 160 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தண்ணீரை அனுப்பு. கீழே உருகியதை, அழுத்தக் காற்றைச் செலுத்தி இன்னொரு குழாயில் மேலே கொண்டு வா. 1894 டிசம்பரில் முதல் முறையாகப் பொன்னிறத் திரவம் மேலே வந்தபோது, கால் மணி நேரத்தில் வைத்திருந்த நாற்பது பீப்பாய்களும் போதாமல் போயின. அவசர அவசரமாக மண்ணால் வரப்பு கட்டிப் பலகை பதித்துப் பிடித்தார்களாம். எந்தத் தொழில்நுட்பத்துக்கும் இதைவிட நல்ல அரங்கேற்றம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

பழைய பாடநூல்களில் அமெரிக்கா முதலிடத்தில் இருப்பது இதனால்தான். லூசியானாவும் டெக்சாஸும் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகத்துக்கே கந்தகம் ஊற்றிக்கொடுத்தன. அதே நாட்டில் கடைசி ஃப்ராஷ் சுரங்கம் 2000-இல் மூடப்பட்டது. பூமிக்கடியில் கந்தகம் தீர்ந்துபோய் அல்ல, விலைக்குக் கட்டுப்படியாகாமல். இன்று அமெரிக்காவில் கிடைக்கும் 80 லட்சத்துச் சொச்சம் டன்னும் சுத்திகரிப்பு ஆலை, எரிவாயு ஆலை, உருக்காலை வழியாக வருவது. டெக்சாஸும் லூசியானாவும்தான் இப்போதும் முன்னணியில் இருக்கின்றன என்பது வேடிக்கை. ஆனால் சுரங்கத்தால் வந்த இடத்தைச் சுத்திகரிப்பு ஆலைகள் பிடித்துக்கொண்டன. ஃப்ராஷ் முறையில் இன்றும் பெரிய அளவில் எடுப்பது போலந்தின் ஓசியெக் சுரங்கம்.

ஃப்ராஷ் சுரங்கங்களைக் கொன்ற முறை அவற்றைவிடப் பழையது. லண்டனில் இருந்த கார்ல் ஃப்ரீட்ரிக் கிளாஸ் 1883-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரித்தால் கந்தக டை ஆக்சைடு வரும். அதை மிச்சம் இரண்டு பங்கோடு வினைபுரிய விட்டால் தூய கந்தகமும் நீராவியும் கிடைக்கும். கேட்க எளிதுதான். இதற்கு வேண்டிய தீனி பெரிய அளவில் கிடைத்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. பிரான்ஸின் லாக் வயலில் 1951-இல் ஆழத்தில் கிடைத்த எரிவாயுவில் ஏறக்குறைய 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கனடாவின் ஆல்பெர்ட்டாவிலும் இதே கதை. இந்த வாயு காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு மரத்துப்போகும், ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் ஆள் அங்கேயே விழுவார். அதைப் பிரிக்காமல் எரிவாயுவைக் குழாயில் விட முடியாது. பிரித்தால் கந்தகம் வந்தே தீரும். வந்ததை என்ன விலைக்காவது தள்ளிவிட வேண்டும். கந்தகத்தை விற்றுப் பிழைக்கும் சுரங்கக்காரர், அதை ஒழித்துக்கட்டினால் போதும் என்று நினைப்பவரோடு எப்படிப் போட்டி போடுவார்?

ஜப்பானின் மாத்சுவோ சுரங்கம் இதற்குச் சரியான சாட்சி. எரிமலைக் கந்தகம் எடுத்து ஒரு காலத்தில் கிழக்காசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய இடம். மலை உச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று ஒரு நகரமே இருந்தது. 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் புகை மாசைக் குறைக்கக் கந்தகத்தைப் பிரிக்க ஆரம்பித்ததும், பத்தாண்டு முடிவதற்குள் சுரங்கம் படுத்துவிட்டது. சுரங்கத்திலிருந்து கசியும் அமில நீரை மட்டும் இன்றும் சுண்ணாம்பு சேர்த்துச் சமன்செய்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது சீனாவுக்கு வருவோம். அதன் 1.8 கோடி டன் என்ற எண்ணுக்குள் மூன்று வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வரும் மஞ்சள் கந்தகம். சிச்சுவானின் புகுவாங் எரிவாயு வயல் இதில் பெரிய பெயர், அங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு 15 சதவீத அளவில் உண்டு. இரண்டாவது, உலோக உருக்காலைகளில் நேரடியாக அமிலமாகவே பிடிக்கப்படுவது. உலகிலேயே அதிகம் செம்பு உருக்கும் நாடு சீனா. செம்புத் தாதுவில் முக்கியமான சால்கோபைரைட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தகம் என்பதால், செம்பு உருக்குபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அமில வியாபாரியாகிவிடுவார். மூன்றாவது பைரைட். மற்ற நாடுகள் அநேகமாகக் கைவிட்ட பைரைட் வறுத்தலைப் பெரிய அளவில் இன்னும் செய்வது சீனாதான்.

கடைசி இரண்டிலும் 'கந்தகம்' என்ற பொருளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அமிலத்தில் அடங்கிய கந்தகம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பட்டியலில் ஏற்றுகிறார்கள். ஒரு டன் கந்தகத்திலிருந்து சுமார் மூன்று டன் கந்தக அமிலம் வரும். அந்த வாய்ப்பாட்டைத் திருப்பிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். சீனா முதலிடத்தை அமெரிக்காவிடமிருந்து பறித்தது 2010 வாக்கில். அதற்கு உருக்காலைகளின் பங்கு மிகப் பெரியது.

இன்னொரு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். முதலிடத்தில் இருக்கும் இதே சீனா ஆண்டுக்கு 80 லட்சம் முதல் 1 கோடி டன் வரை கந்தகத்தை வெளியிலிருந்து வாங்குகிறது. உலகின் மிகப் பெரிய இறக்குமதியாளர்களில் அதுவும் ஒன்று. உற்பத்தியில் முதல், கொள்முதலிலும் முன்வரிசை. ஆகவே சீனாவின் உற்பத்தி உலகச் சந்தைக்கு வருவதில்லை. அதன் தேவைதான் சந்தைக்கு வருகிறது.

சந்தைக்கு உண்மையில் சரக்கு அனுப்புவது யார் என்று கேட்டால் வளைகுடா. கப்பலில் போகும் கந்தகத்தில் ஏறக்குறைய பாதி மத்திய கிழக்கிலிருந்து வருகிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஈரான் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். அவற்றின் சரக்கில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாசல் வழியாக வெளியேற வேண்டும். எண்ணெய்க்காகத்தான் எல்லோரும் அந்த வாசலைப் பற்றிப் பேசுகிறார்கள். உரக்காரர்கள் பயப்படுவது கந்தகத்துக்கும் சேர்த்து.

வளைகுடாவில் என்னைக் கவர்ந்த இடம் அபுதாபியின் ஷா எரிவாயு வயல். அங்கே தரையிலிருந்து வரும் வாயுவில் 23 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முன்னே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கை நினைவில் வைத்துப் பாருங்கள், இது அதைப்போல் 230 மடங்கு. நீண்ட காலம் தொடாமல் விட்டிருந்தார்கள். 2015-இல் உற்பத்தி தொடங்கியபோது, ஒரு நாளைக்குச் சுமார் 10,000 டன் கந்தகம் பாலைவனத்தின் நடுவில் வந்து விழும் நிலை. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக லாரிகள் போதாது. அந்த நாட்டின் முதல் சரக்கு ரயில் பாதை, 264 கிலோமீட்டர், போடப்பட்டது பயணிகளுக்காக அல்ல, இந்த மஞ்சள் குருணையை ருவைஸ் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லத்தான். கழிவை அகற்ற ஒரு தேசிய ரயில்வே.

இந்த வாயுவோடு விளையாடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2003 டிசம்பரில் சீனாவின் சோங்சிங் பகுதியில் ஒரு எரிவாயுக் கிணறு வெடித்துப் பீறிட்டது. சுற்றியிருந்த கிராமத்து மக்கள் 243 பேர் இறந்தார்கள். கஜகஸ்தானின் காஷகான் வயலில் உயிர்ச்சேதம் இல்லை, பணச்சேதம். பல்லாயிரம் கோடி டாலர் கொட்டி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். சில வாரங்களிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு குழாய்களின் எஃகில் விரிசல் விடவைத்தது. முழுக் குழாய்த் தடத்தையும் மாற்றி மறுபடி திறக்க 2016 ஆகிவிட்டது.

பட்டியலில் இன்னொரு குழப்பம் தென்கொரியாவும் ஜப்பானும் இருப்பது. இந்த இரு நாடுகளிலும் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் வளம் கிடையாது. இந்தியாவின் கதையும் பெரும்பகுதி அதுதான். வளைகுடாவிலிருந்து கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெயை வாங்குகிறார்கள், தங்கள் சுத்திகரிப்பு ஆலையில் அதைப் பிரிக்கிறார்கள், கந்தகம் அவர்கள் நாட்டு உற்பத்தியாகப் பதிவாகிறது. சவூதி மண்ணுக்கடியில் இருந்த கந்தகம் கொரியக் கந்தகமாகப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் பட்டியல் சொல்வது கந்தகம் எங்கே இருக்கிறது என்பதையல்ல, எங்கே பிடிக்கிறார்கள் என்பதை.

பிடிக்க வைப்பதோ சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு இறக்கியது, இந்தியா 2020-இல் அதே அளவுக்கு வந்தது. அதே 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமானது. ஒவ்வொரு விதி இறங்கும்போதும் வானத்துக்குப் போயிருக்க வேண்டிய கந்தகம் குவியலுக்கு வருகிறது. இதன் பக்கவிளைவு ஒன்று பலருக்குத் தெரியாது: ஐரோப்பாவில் அமில மழை குறைந்ததும், வானத்திலிருந்து இலவசமாக விழுந்துகொண்டிருந்த கந்தகம் வயல்களுக்குக் கிடைக்காமல் போனது. இப்போது கடுகுக் குடும்பப் பயிர்களுக்கு அங்கே கந்தகத்தைக் காசு கொடுத்துப் போடுகிறார்கள்.

பிடித்தும் பட்டியலில் ஏறாதது ஒன்று உண்டு. ரஷ்யாவின் நோரில்ஸ்க் நிக்கல் ஆலைகள் நீண்ட காலம் உலகின் மிக மோசமான கந்தக டை ஆக்சைடு மூலங்களில் ஒன்றாக இருந்தன. அண்மையில் அதைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலிருந்து அமிலத்தை யாருக்கு விற்பது? சுண்ணாம்புக்கல்லோடு வினைபுரிய வைத்து ஜிப்சமாக்கி ஒதுக்கிவைக்கிறார்கள். கந்தகத்தில் சரக்கைவிடத் தூரம் பெரிய செலவு.

வாங்குபவர்கள் பக்கம் சுருக்கமாகப் பார்க்கலாம். உலகக் கந்தகத்தில் பத்தில் ஒன்பது பங்கு கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தில் பாதிக்கு மேல் பாஸ்பேட் உரத்துக்குப் போகிறது. பாறையாக இருக்கும் பாஸ்பேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது அமிலத்தின் வேலை. உலகின் பாஸ்பேட் இருப்பில் பெரும்பகுதியை வைத்திருக்கும் மொராக்கோவில் எண்ணெயோ எரிவாயுவோ பெயருக்குத்தான். அதனால் சீனாவோடு போட்டி போடும் இறக்குமதி நாடு அது. புதிதாகச் சேர்ந்தது இந்தோனேசியா. மின்கலத்துக்கான நிக்கலை அமிலத்தில் கரைத்து எடுக்கும் ஆலைகள் அங்கே வரிசையாக முளைத்துவிட்டன. ஒரு டன் நிக்கலுக்குச் சுமார் 10 டன் கந்தகம் வேண்டும். அதே நாட்டில்தான் ஈஜென் எரிமலையின் வாயிலிருந்து ஆட்கள் 70 கிலோ, 80 கிலோ கந்தகத்தைத் தோளில் சுமந்து இறங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். படத்துக்கு அழகு, உற்பத்திக் கணக்கில் அது ஒரு புள்ளிகூட இல்லை.

விற்பவருக்கு உற்பத்தி அளவு கையில் இல்லை, வாங்குபவருக்கு மாற்று இல்லை என்றால் விலை என்ன ஆகும்? அமெரிக்காவில் 2008-இன் ஆண்டுச் சராசரி டன்னுக்குச் சுமார் 264 டாலர். 2009-இன் சராசரி 2 டாலருக்கும் கீழே. அச்சுப்பிழை இல்லை. உரத் தேவை சரிந்தது, சுத்திகரிப்பு ஆலைகளோ ஓடிக்கொண்டே இருந்தன. கந்தகம் விலை போகவில்லை என்பதற்காகப் பெட்ரோல் ஆலையை யாரும் நிறுத்த மாட்டார்கள். அதேபோல விலை பல மடங்கு ஏறினாலும் அதற்காக ஒரு பீப்பாய் எண்ணெய் கூடுதலாக எடுக்க மாட்டார்கள்.

இந்த இரண்டாவது பாதிதான் இனிமேல் கவலைக்குரியது. எண்ணெயும் எரிவாயுவும் குறைந்தால் கந்தகமும் குறையும். உரத்தேவை குறையாது, மின்கல உலோகங்களின் தேவை கூடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: கந்தக அமிலத் தேவை 24.6 கோடி டன்னிலிருந்து 2040-இல் 40 கோடி டன்னுக்குப் போகலாம், எண்ணெயைக் கைவிடும் வேகத்தைப் பொறுத்துப் பற்றாக்குறை 10 கோடி முதல் 32 கோடி டன் வரை இருக்கலாம் என்று. மேல் எல்லை கொஞ்சம் மிகை என்று எனக்குத் தோன்றுகிறது. விலை ஏறினால் பைரைட்டும் சுரங்கமும் திரும்பி வரும். ஜிப்சம் உலகில் அளவில்லாமல் கிடக்கிறது. முதல் உலகப்போரில் இறக்குமதி நின்றபோது ஜெர்மனி ஜிப்சம் வகைக் கல்லிலிருந்தே அமிலமும் சிமென்டும் சேர்த்து எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தது. பிரிட்டனும் பின்னால் அதைப் பல ஆண்டுகள் ஓட்டியது. எரிபொருள் அதிகம் தின்னும் என்பதால் கைவிட்டார்கள். வழி இல்லாமல் போகாது, மலிவாக மட்டும் இருக்காது.

அதுவரைக்கும் ஒரு கையிருப்பு இருக்கிறது. ஆல்பெர்ட்டாவின் வடக்கே எண்ணெய் மணல் ஆலைகளுக்குப் பக்கத்தில், ரயில் கூலிக்குக்கூடக் கட்டாத காலத்தில் உருகிய கந்தகத்தைத் தளம் தளமாக ஊற்றி இறுகவிட்ட மஞ்சள் மேடைகள் நிற்கின்றன, பிரமிடுகளின் அடித்தளம் மாதிரி. கஜகஸ்தானின் தெங்கிஸ் வயலிலும் இப்படியே குவித்து வைத்திருந்தார்கள். அரசோடு அதன் பேரில் அபராதச் சண்டைகூட நடந்தது. பிறகு வாங்க ஆள் வந்ததும் உடைத்து விற்றுவிட்டார்கள். ஆல்பெர்ட்டாவின் மேடைகள் பெரும்பாலும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.